சென்னைச் சம்பளம், ஸ்டுட்கார்ட் வரி

கணவருக்கு ஜெர்மனியில் வேலை கிடைக்கிறது, மனைவி கூடவே கிளம்புகிறார், சில வீடுகளில் இது தலைகீழாகவும் நடக்கிறது. கூடக் கிளம்புகிறவர் சொல்வது மட்டும் மாறுவதில்லை: "என் சென்னை வேலையை அங்கிருந்தே பார்த்துக்கறேன், மேனேஜர் ஓகே சொல்லிட்டார்." இங்கே ஸ்டுட்கார்ட் பக்கம் இதை அடிக்கடி கேட்கிறேன். வந்து சில மாதம் ஆனதும் அவர்களே கேட்பது அடுத்த கேள்வி. "சம்பளம் இந்தியாவுல வருது, டிடிஎஸ் அங்கேயே பிடிக்கறாங்க, அப்புறம் இங்க எதுக்கு வரி?"

நானும் அதே குடும்ப விசாவில் ஒரு லாப்டாப்போடு வந்தவள்தான். சிஏ படிக்கவில்லை, ஸ்டாயர்பெராட்டர் என்று இங்கே சொல்லும் வரி ஆலோசகரும் இல்லை. ஆனால் இரண்டு நாட்டு வரிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அல்லாடியவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கணக்கை உங்கள் ஆளிடம் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம். சம்பள வேலைக்கு வரி, அந்த வேலையை நீங்கள் உட்கார்ந்து செய்யும் நாட்டில். கம்பெனி எங்கே பதிவானது, கிளையன்ட் எந்த ஊர், பணம் எந்த வங்கியில் விழுகிறது என்பதெல்லாம் அதற்கு அப்புறம். இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் இருக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தமும் இதைத்தான் சொல்கிறது. தவிர, ஜெர்மனியில் உங்களுக்கென்று ஒரு வீடு இருந்து, அதில் தங்கி வாழ்கிறீர்கள் என்றாலே நீங்கள் இங்கே முழு வரிப் பொறுப்புள்ளவர். உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் கணக்கு காட்ட வேண்டும். அன்மெல்டுங் என்ற முகவரிப் பதிவை முடித்த சில வாரத்தில் 11 இலக்க வரி எண் ஒன்று தபாலில் வந்து விழும், நீங்கள் கேட்காமலே. விசா அட்டையில் 'எர்வெர்ப்ஸ்டேட்டிக்கைட் எர்லாப்ட்' என்று போட்டிருந்தால் வேலை செய்ய அனுமதி உண்டு என்று அர்த்தம், அவ்வளவுதான். வரியைப் பற்றி அந்த அட்டை ஒன்றும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் "183 நாள் வரைக்கும் பிரச்சினை இல்லையாமே" என்பார். அந்த 183 நாள் கதை பாதி உண்மை என்பதால்தான் இவ்வளவு தொல்லை. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு விதி இருக்கிறது. ஆனால் அது இந்தியாவில் குடியிருந்துகொண்டு, கம்பெனி அனுப்பி, கொஞ்ச நாள் ஜெர்மனிக்கு வந்து வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்கு. நாள் கணக்கு 183ஐத் தாண்டக்கூடாது, சம்பளம் கொடுப்பது ஜெர்மன் நிறுவனமாக இருக்கக்கூடாது, அந்தச் சம்பளச் செலவு ஜெர்மனியில் உள்ள கிளையின் தலையில் விழக்கூடாது. மூன்றும் சேர்ந்து பொருந்த வேண்டும். வீடு எடுத்து, பிள்ளையை கிண்டர்கார்டனில் சேர்த்து, பொட்டி படுக்கையோடு குடிவந்தவருக்கு இந்த விதியில் வேலையே இல்லை. குடிவந்த நாளிலிருந்தே கணக்கு ஆரம்பம்.

சரி, இந்தியப் பக்கம் வருவோம். இங்கேதான் நான் முதல்முறை படித்தபோது நம்பாமல் திரும்பப் படித்த ஒரு சமாச்சாரம் இருக்கிறது. ஒரு தம்பதி ஆகஸ்ட் நடுவில் ஒரே விமானத்தில் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலிலிருந்து கணக்குப் பார்த்தால் இருவரும் அந்த நிதியாண்டில் நாலரை மாதம் இந்தியாவில் இருந்திருக்கிறார்கள். பொது விதி என்ன சொல்கிறது? ஒரு நிதியாண்டில் 182 நாள் இருந்தால் ரெசிடென்ட், அதாவது வரிக் கணக்கில் இந்தியாவில் குடியிருப்பவர். அல்லது 60 நாளும், அதற்கு முந்தைய நாலு ஆண்டில் மொத்தம் 365 நாளும் இருந்தாலும் ரெசிடென்ட். வேலைக்காக வெளிநாடு கிளம்பும் இந்தியக் குடிமகனுக்கு மட்டும் அந்த 60, 182 ஆகிவிடும். ஆக, ஜெர்மன் வேலைக்குப் போகும் கணவர் அந்த ஆண்டு நான்-ரெசிடென்ட். அதே விமானத்தில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் மனைவி, குடும்பத்தோடு சேரப் போகிறவர் என்பதால், ரெசிடென்ட்! அவரும் வெளிநாட்டில் உட்கார்ந்து வேலைதானே பார்க்கப் போகிறார் என்று வாதாடலாம். ஆனால் விசா குடும்ப விசா, வேலையோ ஏற்கெனவே சென்னையில் இருந்த வேலை. என் ஆடிட்டர் அந்த வாதத்தை நம்பி ரிட்டர்ன் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார், எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

விளைவு, அந்த ஒரு ஆண்டு மட்டும் மனைவி இந்தியாவிலும் ரெசிடென்ட், ஜெர்மனியிலும் ரெசிடென்ட். இதைப் பிரித்துவைக்க ஒப்பந்தத்தில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் நிரந்தர வீடு எங்கே என்று பார்ப்பார்கள், இரண்டு இடத்திலும் இருந்தால் வாழ்க்கையின் மையம் எங்கே, பிறகு வழக்கமாகத் தங்குவது எங்கே, கடைசியாகக் குடியுரிமை. சென்னை வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தவருக்கு இது முதல் படியிலேயே ஜெர்மனி என்று முடிந்துவிடும். அம்பத்தூரில் சொந்த ஃபிளாட்டைப் பூட்டி, சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தவருக்கு அடுத்த படிக்குப் போக வேண்டியிருக்கும். ஜெர்மனிதான் என்று நிரூபிக்க இங்குள்ள ஃபினான்ஸ்ஆம்ட் என்ற வரி அலுவலகத்திலிருந்து வரிக் குடியிருப்புச் சான்றிதழ், நம் ஆட்கள் டிஆர்சி என்பார்களே, அதை வாங்கிவைக்க வேண்டும். கேட்டு எழுதினால் தருகிறார்கள், தபால்தான் மெதுவாக வரும்.

அடுத்தடுத்த ஆண்டுகளில் நீங்கள் தெளிவாக நான்-ரெசிடென்ட் ஆகிவிடுவீர்கள், அதனால் இந்தப் பிரச்சினை போய்விடும். ஆனால் டிடிஎஸ் போகாது. கம்பெனியின் பேரோல் மென்பொருளுக்கு நீங்கள் இன்னும் சோழிங்கநல்லூரில்தான் இருக்கிறீர்கள். வெளிநாட்டில் செய்த வேலைக்கான சம்பளம் நான்-ரெசிடென்டுக்கு இந்தியாவில் உண்டான வருமானம் இல்லை என்றாலும், அது முதலில் வந்து விழுவது இந்திய வங்கிக் கணக்கில். இந்தியாவில் பெற்ற வருமானம்தானே இது என்று வரித்துறை கேட்க இடமிருக்கிறது. அதற்குப் பதில் சொல்லத்தான் அந்த டிஆர்சியும் ஒப்பந்தமும். பிடித்த டிடிஎஸ்ஸை ரிட்டர்ன் போட்டுத் திரும்பக் கேட்கலாம். முன்கூட்டியே டிடிஎஸ் குறைப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவும் வழி உண்டு. அதற்குப் பொறுமை உள்ள ஹெச்ஆர் வேண்டும். நான் வேலை பார்த்த இடத்தில் பொறுமை இருந்தது, ஆனால் எந்தப் படிவம் என்று யாருக்கும் தெரியவில்லை.

இப்போது பணம். கணக்குக்கு எளிதாக ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு ஆண்டுக்கு 18 லட்சம், அதாவது 18,000 யூரோ. இந்தியாவில் புதிய வரி முறையில் 2025-26க்கு இதற்கு வரி ஏறத்தாழ ஒன்றரை லட்சம். ஜெர்மனியில்? தனியாளாக இருந்தால் பெரிய தொகை வராது, 2025இல் முதல் 12,096 யூரோவுக்கு வரி கிடையாது. ஆனால் தம்பதி சேர்ந்து கணக்கு கொடுக்கும்போது இந்த 18,000 கணவரின் சம்பளத்துக்கு மேலே போய் உட்காரும். கணவருக்கு 65,000 யூரோ சம்பளம் என்றால், மனைவியின் வருமானத்தால் மட்டும் கூடும் வரி தோராயமாக 4,500 முதல் 5,000 யூரோ. அதாவது நாலரை லட்சத்துக்கு மேல். கணவர் வரி வகுப்பு 3 எடுத்திருப்பார், மனைவிக்கு வருமானமே இல்லை என்பதுபோல அவர் சம்பளத்தில் மாதாமாதம் குறைவாகப் பிடித்திருப்பார்கள். மனைவியின் சம்பளத்திலோ ஜெர்மனிக்காக யாரும் ஒரு சென்ட் கூடப் பிடிக்கவில்லை. ஜெர்மனியில் அலுவலகம் இல்லாத வெளிநாட்டுக் கம்பெனி அப்படிப் பிடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆக, மொத்தமும் ஒரே கடிதத்தில் வரும். அந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே இன்னொன்றும் வரும்: இனிமேல் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் 10ஆம் தேதி முன்பணமாகக் கட்டிவிடுங்கள் என்று.

இந்தியாவில் பிடித்தது ரீஃபண்டாக வரலாம்தான். ஆனால் அது ரிட்டர்ன் போட்டு, சரிபார்த்து, வருகிறபோது வரும். ஜெர்மனிக்காரர்களுக்கு அதுவரை காத்திருக்கும் வழக்கம் இல்லை. நடுவில் இருக்கும் அந்தப் பல மாதங்களுக்கு நீங்கள்தான் இரண்டு அரசாங்கத்துக்கும் கடன் கொடுத்த மாதிரி. அதனால் இங்கே வந்த முதல் மாதத்திலிருந்தே சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வைக்கச் சொல்லி எல்லோரிடமும் சொல்கிறேன். யாரும் கேட்பதில்லை, முதல் மாதத்தில் ஐக்கியாவுக்குப் போக வேண்டியிருக்கிறது.

குடிவந்த ஆண்டுக்கு இன்னொரு கூத்து உண்டு. ஜனவரியிலிருந்து ஜூலை வரை சென்னையில் சம்பாதித்ததற்கு ஜெர்மனி வரி போடாது. ஆனால் அதையும் படிவத்தில் எழுதச் சொல்லும். வரி விகிதத்தை முடிவு செய்ய அந்தத் தொகையையும் சேர்த்துக்கொள்வார்கள். ப்ரொக்ரெஸ்ஸியோன்ஸ்ஃபோர்பெஹால்ட் என்று பெயர், வரியை விட அந்தப் பெயரைச் சொல்வது கஷ்டம். தம்பதி சேர்ந்து கொடுத்தால் இருவரின் இந்திய வருமானமும் அதில் வரும். இதற்கென்று குடிவந்தவர்களுக்கான தனி இணைப்புப் படிவமும் இருக்கிறது. அது முந்தைய நாட்டுக் கணக்கு, இங்கே எதற்கு என்று விட்டுவிடாதீர்கள்.

நிதியாண்டு வேறு ஒத்துப்போகாது. இந்தியாவில் ஏப்ரல் முதல் மார்ச், இங்கே ஜனவரி முதல் டிசம்பர். கம்பெனி தரும் ஆண்டுச் சம்பள-வரிச் சான்றான படிவம் 16ஐ அப்படியே மொழிபெயர்த்து இங்கே கொடுப்பதால் பயன் இல்லை. மாதாந்திரப் பேஸ்லிப் எல்லாவற்றையும் பிடிஎஃப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், வேலையை விட்டதும் கம்பெனி போர்ட்டல் மூடிவிடும். ரூபாயை யூரோவாக மாற்ற ஐரோப்பிய மைய வங்கியின் மாதச் சராசரியை எடுப்பது வழக்கம், கூகுளில் அன்றைக்குக் காட்டும் எண்ணை எடுக்காதீர்கள். தாக்கல் செய்வது எல்ஸ்டர் என்ற அரசு இணையதளத்தில். வெளிநாட்டுக் கம்பெனிச் சம்பளத்தை, வரி பிடிக்கப்படாத சம்பளம் என்று அதற்கான தனி வரியில் எழுத வேண்டும். எல்ஸ்டர் கணக்கைத் திறக்க ஒரு குறியீடு தபாலில் வரும், ஆமாம், தபாலில்தான். 2025 கணக்குக்குக் கடைசி நாள் 2026 ஜூலை 31, ஆலோசகர் மூலம் போட்டால் 2027 மார்ச் 1 வரை நேரம். வீட்டிலிருந்து வேலை செய்ததற்கு நாளுக்கு 6 யூரோ, அதிகபட்சம் 1,260 யூரோ கழித்துக்கொள்ளலாம். தனி அறை தேவையில்லை, சமையலறை மேசையும் செல்லும்.

இவ்வளவு சொன்னாலும், என்னைக் கேட்டால் வரி இதில் சின்னப் பிரச்சினை. ஒப்பந்தம் இருக்கிறது, இரண்டு முறை கட்டினாலும் ஒன்று திரும்பி வர வழி இருக்கிறது. பெரிய பிரச்சினை சமூகக் காப்பீடு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஜெர்மனியில் உட்கார்ந்து ஒருவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்தால், ஓய்வூதியம், மருத்துவம், வேலையின்மை, முதுமைப் பராமரிப்பு எல்லாவற்றுக்கும் காப்பீடு கட்டாயம். எல்லாம் சேர்ந்து சம்பளத்தில் 40 விழுக்காட்டைத் தாண்டும், அதில் ஏறக்குறைய பாதி முதலாளி தலையில். முதலாளி சென்னையில் இருந்தாலும் அவர் இங்கே பதிவு எண் வாங்கி மாதாமாதம் கட்ட வேண்டும். இதை உங்கள் ஹெச்ஆரிடம் சொல்லிப் பாருங்கள், "மேனேஜர் ஓகே சொல்லிட்டார்" என்பதன் கனம் அப்போது தெரியும். "எங்களுக்கு ஏற்கெனவே பிஎஃப் இருக்கே, இரண்டு நாட்டுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தமும் இருக்கே" என்பார்கள். இருக்கிறது, 2017 மே 1 முதல் அமலில் இருக்கிறது. கம்பெனி தன் வேலைக்காக ஒருவரை ஜெர்மனிக்கு அனுப்பினால், பிஎஃப் அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கி 48 மாதம் வரை இந்திய முறையிலேயே இருக்கலாம். ஆனால் உங்களைக் கம்பெனி அனுப்பவில்லையே. நீங்கள் கணவரோடு வந்தீர்கள், வேலை உங்களோடு வந்தது.

"நான் கணவர் இன்சூரன்ஸில்தானே இருக்கேன்" என்று அடுத்த சமாதானம் வரும். அரசு மருத்துவக் காப்பீட்டில் துணைவரை இலவசமாகச் சேர்க்கலாம், உண்மை. ஆனால் துணைவரின் மாத வருமானத்துக்கு ஒரு வரம்பு உண்டு, 2025இல் அது 535 யூரோ. சென்னையிலிருந்து 1,500 யூரோ வருகிறவர் அதில் இருக்க முடியாது. காப்பீட்டு நிறுவனம் வருமானப் படிவம் அனுப்பிக் கேட்கும், பதிலை மறைத்தால் பிறகு பின்தேதியிட்டு வசூலிப்பார்கள்.

கம்பெனிக்கு இன்னொரு பயமும் இருக்கும், நீங்கள் இங்கே உட்கார்ந்து ஒப்பந்தம் பேசி முடிக்கிறவராக இருந்தால் கம்பெனிக்கே ஜெர்மனியில் கிளை இருப்பதாகக் கருதி அதன் லாபத்துக்கு வரி கேட்பார்களோ என்று. புரோகிராம் எழுதுகிறவருக்கும் டெஸ்டிங் செய்கிறவருக்கும் இந்த ஆபத்து குறைவு, விற்பனைக்காரர்களுக்கு அதிகம். ஆனாலும் சட்டத் துறைக்கு மெயில் போனால் எல்லோருக்கும் ஒரே பதில்தான் வருகிறது: வேண்டாம்.

அப்படியானால் என்னதான் செய்வது? நான் பார்த்தவரை மூன்று வழி. கம்பெனிக்கு ஜெர்மனியில் கிளை இருந்தால் அதன் சம்பளப் பட்டியலுக்கு மாற்றச் சொல்வது முதல் வழி, எல்லாம் ஒரே நாளில் நேராகிவிடும். கிளை இல்லையென்றால் இங்கே முதலாளியாக நின்று உங்களைப் பணியமர்த்தித் தரும் இடைநிலை நிறுவனங்கள் உண்டு, டீல், ரிமோட் மாதிரி. அவர்களுக்கு மாதக் கட்டணம், மேலே முதலாளி பங்குக் காப்பீடு. சென்னைச் சம்பளத்தில் இருக்கும் ஒருவருக்காக இந்தச் செலவைக் கம்பெனி ஏற்குமா என்பது நீங்கள் எவ்வளவு முக்கியமானவர் என்பதைப் பொறுத்தது. என் விஷயத்தில் ஏற்றார்கள், ஆனால் கையில் வரும் தொகை குறைந்தது.

மூன்றாவது, வேலையை விட்டுவிட்டு அதே கம்பெனிக்கு ஃப்ரீலான்ஸராக பில் போடுவது. எல்லோரும் முதலில் குதிப்பது இதில்தான். எல்ஸ்டரில் பதிவுக் கேள்விப்படிவம் நிரப்பி வரி எண் வாங்க வேண்டும், மருத்துவக் காப்பீடு முழுவதும் உங்கள் செலவு. இந்தியக் கம்பெனிக்குப் போடும் பில்லில் ஜெர்மன் வாட், அதாவது மதிப்புக் கூட்டு வரி, வராது. ஆனால் இந்தியக் கம்பெனி அந்தப் பில்லைத் தொழில்நுட்பச் சேவைக் கட்டணமாகப் பார்த்து டிடிஎஸ் பிடிக்கும். டிஆர்சியும் அதனோடு போகும் படிவமும் கொடுத்தால் ஒப்பந்தப்படி 10 விழுக்காடு, கொடுக்காவிட்டால் இந்தியச் சட்டப்படி 20 விழுக்காடும் மேல்வரியும். அந்த 10ஐ இங்கே கழித்துக்கொள்ளக் கேட்கலாம். இதைவிடச் சங்கடமானது, ஒரே ஒரு கிளையன்ட், அதே மேனேஜர், அதே காலை ஸ்டாண்ட்அப் மீட்டிங், விடுப்புக்கும் அவரிடமே அனுமதி என்றால், இது ஃப்ரீலான்ஸ் வேடம் போட்ட வேலை என்று ஓய்வூதியத் துறை சொல்லிவிடலாம். உண்மையாகவே இரண்டு மூன்று கிளையன்ட் பிடிக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் இந்த வழிக்குப் போங்கள்.

கடைசியாக இந்தியாவில் விட்டுவந்தவை. சேவிங்ஸ் கணக்கை, வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும், இதற்கு ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டம் பார்க்கும் கணக்கு வேறு, 182 நாள் ஆகட்டும் என்று காத்திருக்கக்கூடாது. நான்-ரெசிடென்டுக்கு ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவம் கிடையாது, சம்பளமும் வட்டியும் மட்டும் இருந்தாலும் ஐடிஆர்-2தான். பிபிஎஃப் பழைய கணக்கை முதிர்வு வரை ஓட்டலாம், புதிதாகத் திறக்க முடியாது. வரித்துறைத் தளத்தில் நான்-ரெசிடென்ட் என்று மாற்றாமல், ஆதாரும் இணைக்காமல் விட்டால் பான் செயலிழந்துவிடும், 2023 ஜூலையில் நிறைய பேருக்கு அப்படி ஆனது. இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள், ஓடிபி இல்லாமல் ஒரு வேலையும் ஆகாது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதால் பிரிவு எண்ணும் படிவ எண்ணும் மாறியிருக்கின்றன, பழைய யூடியூப் வீடியோ பார்த்து எண்ணைத் தேடாதீர்கள்.

வீட்டை வாடகைக்கு விட்டு வந்தவர்களுக்கு மட்டும் ஒன்று. உரிமையாளர் நான்-ரெசிடென்ட் என்றால், வாடகை எவ்வளவு சிறிய தொகையாக இருந்தாலும் குடியிருப்பவர் 31.2 விழுக்காடு டிடிஎஸ் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும், அதற்காக அவர், வரி பிடிப்பவர்களுக்கான டான் எண்ணும் வாங்க வேண்டும். தாம்பரத்தில் ரெண்டு பெட்ரூம் வீட்டில் இருக்கும் ஒரு சாதாரண மனிதரிடம் ஃபோன் செய்து, "சார், நீங்க எனக்காக ஒரு டான் நம்பர் வாங்கணும், மூணு மாசத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடணும்" என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் குடியிருப்பாளர் முழுதாகக் கேட்டுவிட்டு, "மேடம், அந்த மோட்டார் ரிப்பேரை எப்போ பண்ணித் தருவீங்க?" என்றார்.